ஆராய்ச்சி முறை வகுப்பில் முதலில் எக்செல் திறக்கச் சொல்வேன்

எம்.இ. மாணவர்கள் ப்ராஜெக்ட் தலைப்போடு வரும்போது முதலில் அல்காரிதத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். "மேம், சாஃப்ட்வேர் டிஃபெக்ட் ப்ரெடிக்‌ஷன், எல்எஸ்டிஎம் வச்சு பண்றேன்." மென்பொருளின் எந்தப் பகுதியில் பிழை இருக்கும் என்று முன்கூட்டிக் கணிப்பதுதான் தலைப்பு, எல்எஸ்டிஎம் என்பது ஒரு வகை நியூரல் நெட்வொர்க். டேட்டா எங்கே என்று கேட்டால், நாசா டேட்டாசெட் (நாசா மென்பொருள்களைப் பற்றிய தரவுத் தொகுப்பு) இருக்கிறது என்பார்கள். சரி, கேள்வி என்ன என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்யூரசி கூட்டணும் மேம்" என்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். பி.இ. நான்கு வருடமும் எதையாவது செய்து ஓட்டிக் காட்டினால் மதிப்பெண் என்று பழகிவிட்டார்கள். மென்பொருளை எழுதுகிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று அளந்து பார்ப்பதும் பொறியியல் வேலைதான் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

கொங்குப் பகுதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் மென்பொருள் பொறியியலும் ஆராய்ச்சி முறையும் நடத்திவருகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எம்.இ. மாணவர்களுக்கு ஆராய்ச்சி முறையும் அறிவுசார் சொத்துரிமையும் சேர்ந்த தாள் ஒன்று உண்டு. எல்லாப் பிரிவுக்கும் பொதுவான தாள் என்பதால் மென்பொருள் சார்ந்த உதாரணங்களை ஆசிரியர்தான் கொண்டுவர வேண்டும். எம்பிரிக்கல் ஆய்வு, அதாவது நடப்பதைப் பார்த்து, அளந்து, கேட்டு முடிவுக்கு வரும் ஆய்வு, இந்த மாணவர்களுக்கு எப்படிப் பிடிபடுகிறது என்பதைப் பற்றி எனக்கு இப்போது ஓர் உறுதியான கருத்து இருக்கிறது. புள்ளியியல் சூத்திரத்தில் தொடங்கினால் பிடிபடாது. ஓர் எண் எங்கிருந்து வந்தது, அதை யார் எழுதினார்கள், எப்படி எண்ணினார்கள் என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் சூத்திரத்துக்கு ஒரு வேலை இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுகிறது.

அதனால் முதல் வகுப்பில் அந்த நாசா டேட்டாவையே எடுப்போம். பிசி1 என்று ஒரு கோப்பு. பூமியைச் சுற்றும் ஒரு செயற்கைக்கோளின் மென்பொருள், சி மொழியில் எழுதியது. மொத்தம் 1109 வரிசைகள், ஒவ்வொன்றும் ஒரு மாட்யூல், அதாவது நிரலின் ஒரு சிறு பகுதி. எத்தனை வரி, எவ்வளவு சிக்கல் என்று பத்திகள் நீளும். கடைசிப் பத்தியில் பிழை உண்டா இல்லையா என்று இருக்கும். பைதான் வேண்டாம், எக்செல்லில் திறங்கள் என்பேன். ஃபில்டர் போட்டால் ‘உண்டு’ என்று இருப்பவை 77. இப்போது ஒரே ஒரு கேள்வி: எந்த மாட்யூலைக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ‘பிழை இல்லை’ என்று சொல்லும் ஒரு புரோகிராம் எழுதினால் அதன் அக்யூரசி என்ன? கால்குலேட்டரைத் தட்டுவார்கள். 93 சதவீதம். ஒவ்வொரு வருடமும் இந்த இடத்தில் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். தன் மாடலுக்கு 94 வந்ததற்குச் சந்தோஷப்பட்ட மாணவர் தானாகவே ரீகால் என்ன, அதாவது உண்மையில் பிழையுள்ளவற்றில் எத்தனையைப் பிடித்தது, என்று தேடப் போய்விடுவார்.

அப்புறம் ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ பட்டனை அமுக்கச் சொல்வேன். வரிசைகள் குறையும். நாசா தொகுப்பின் மற்றக் கோப்புகளிலும், குறிப்பாக கேசி1 போன்றவற்றில், ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. பயிற்சிக்கு ஒதுக்கிய பகுதியிலும் சோதனைக்கு ஒதுக்கிய பகுதியிலும் அதே வரிசை இருந்தால் மாடல் எதைக் கற்றுக்கொண்டது என்ற கேள்வியை நான் கேட்க வேண்டியதே இல்லை, யாராவது கேட்டுவிடுவார்கள். மார்ட்டின் ஷெப்பர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தக் கோப்புகளின் தரத்தைப் பற்றி 2013இல் விரிவாக எழுதினார்கள். ஒரே பெயருள்ள கோப்பு வெவ்வேறு தளங்களில் வெவ்வேறாக இருக்கிறது, நடக்கவே முடியாத மதிப்புகள் உள்ளே கிடக்கின்றன என்று காட்டினார்கள். மொத்த வரி எண்ணிக்கையைவிட அதன் ஒரு பகுதி பெரிதாக இருக்க முடியாது அல்லவா? இப்படிப்பட்ட எளிய விதிகளை மாணவர்களே எழுதி, தங்கள் கோப்பில் ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் வார வீட்டுப்பாடம். அதுவரை மாடல் எதுவும் கிடையாது.

இரண்டாவது பயிற்சிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறேன், இரண்டு மூன்று வாரம் போனாலும் பரவாயில்லை. கடைசிப் பத்தியில் ‘பிழை உண்டு’ என்று எழுதியது யார்? டெவலப்பர்களும் பயனர்களும் இஷ்யூ பட்டியலில், அதாவது மென்பொருளைப் பற்றிய புகார்களும் கோரிக்கைகளும் பதிவாகும் இடத்தில், ‘பக்’ (பிழை) என்று குறித்ததைத்தான் பல ஆய்வுகள் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. கிம் ஹெர்ட்ஸிக், சாஷா ஜஸ்ட், ஆண்ட்ரியாஸ் ட்ஸெல்லர் மூவரும் லூசீன், டாம்கேட் உள்ளிட்ட ஐந்து ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) ப்ராஜெக்ட்களிலிருந்து 7000க்கும் மேற்பட்ட இஷ்யூக்களை ஒவ்வொன்றாகக் கையால் படித்து 2013இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ‘பக்’ என்று குறித்திருந்தவற்றில் 33.8 சதவீதம் பக்கே இல்லை. சில புது வசதி கேட்டவை, சில ஆவணத்தைத் திருத்தச் சொன்னவை, சில நிரலை ஒழுங்குபடுத்தச் சொன்னவை.

இந்தச் சதவீதத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போனால் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதனால் முதலில் வேலையைக் கொடுத்துவிடுவேன். ஏதாவது ஓர் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டிலிருந்து 40 இஷ்யூக்கள். அதன்மேல் இருக்கும் லேபிளை மறைத்துவிட வேண்டும். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒவ்வொன்றும் ‘பக்’தானா இல்லையா என்று குறிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வரியில் காரணம். இந்தக் காரண வரி கட்டாயம். அது இல்லாவிட்டால் பின்னால் சண்டை போட எதுவும் இருக்காது.

சண்டை வரத்தான் வேண்டும். ஒரு முறை ‘கோப்புகள் அதிகமானால் தேடல் மிகவும் மெதுவாகிறது’ என்ற இஷ்யூவில் இரண்டு மாணவிகள் மாட்டிக்கொண்டார்கள். ஒருத்தி பக் என்று குறித்திருந்தாள்: பயனருக்கு வேலை நடக்கவில்லையே. இன்னொருத்தி இல்லை என்றாள்: இவ்வளவு வேகத்தில் ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லையே, இது மேம்பாட்டுக் கோரிக்கை. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "டாக்குமெண்டேஷன்ல வேகத்தைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கா, முதல்ல அதைப் பாருங்க" என்றான். போய்ப் பார்த்தார்கள். அந்த நிமிடத்தில் அவர்களுக்கு ஒரு விதி கிடைத்தது: ஆவணம் சொன்னதற்கு மாறாக நடந்தால் பக், ஆவணம் சொல்லாததைப் பயனர் எதிர்பார்த்தால் மேம்பாடு. அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு உதாரணமும் சேர்த்தார்கள். குறியீட்டு விதித்தொகுப்பு எப்படி உருவாகிறது என்று நான் பாடமாக நடத்தியிருந்தால் ஒரு மணி நேரம் போயிருக்கும், இந்த அளவுக்குப் பதிந்திருக்காது.

இருவர் குறித்தது தற்செயலைத் தாண்டி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் காப்பா எண் இங்கேதான் வருகிறது. ஜேகப் கோஹன் 1960இல் கொடுத்தது. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 40 இஷ்யூவில் முதல் மாணவர் 28ஐப் பக் என்கிறார், இரண்டாமவர் 30ஐ. இருவரும் சேர்ந்து பக் என்றவை 24, இருவரும் இல்லை என்றவை 6. ஆக 30 இஷ்யூவில் ஒத்துப்போகிறார்கள், 75 சதவீதம். நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இரண்டு பேருமே பெரும்பாலும் பக் என்று குறிக்கும் பழக்கமுள்ளவர்கள். இஷ்யூவைப் படிக்காமலே குறித்திருந்தாலும் 60 சதவீதம் ஒத்துப்போயிருக்கும் (இருவரும் பக் என்பது 0.70 × 0.75, இருவரும் இல்லை என்பது 0.30 × 0.25, இரண்டையும் கூட்டினால் 0.60). தற்செயலைத் தாண்டி அவர்கள் எட்டியிருக்கக்கூடியது மீதி 40. எட்டியது அதில் 15. 15ஐ 40ஆல் வகுத்தால் காப்பா 0.375. தாங்களே குறித்த தாளை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டவர்கள் சூத்திரத்தை மறந்தாலும் அதன் அர்த்தத்தை மறப்பதில்லை. விதியை எழுதிய பிறகு வேறு 40 இஷ்யூக்களை எடுத்து இரண்டாம் சுற்று போக வேண்டும். பழைய இஷ்யூக்களையே திரும்பக் குறித்தால் பேசி முடிவெடுத்த நினைவுதான் அளக்கப்படும். ஹெர்ட்ஸிக் குழுவின் 33.8 சதவீதத்தை இதற்குப் பிறகு சொன்னால், "இவ்ளோ கம்மியா?" என்று கேட்கிற வகுப்பும் உண்டு.

சோதனை வடிவமைப்புக்கு நான் எடுத்துக்கொள்வது மிகச் சின்ன விஷயம். நிரலில் வரும் மாறிகளின் பெயரைக் கேமல்கேஸில் (totalCount) எழுதினால் சீக்கிரம் படிக்க முடிகிறதா, அண்டர்ஸ்கோர் போட்டு (total_count) எழுதினாலா? இதற்கு உண்மையான ஆய்வுகள் இருக்கின்றன. டேவிட் பிங்க்லியும் சக ஆய்வாளர்களும் 2009இல் 135 பேரை வைத்துப் பார்த்தபோது கேமல்கேஸில் சரியான விடை அதிகமாக வந்தது. போனிதா ஷரீஃபும் ஜோனதன் மாலெடிக்கும் 2010இல் கண் அசைவைப் பதிவுசெய்யும் கருவியோடு 15 பேரை வைத்துப் பார்த்தபோது சரி தவறில் வித்தியாசம் தெரியவில்லை, அண்டர்ஸ்கோரை விரைவாக அடையாளம் கண்டார்கள். இந்த இரண்டையும் முன்கூட்டிச் சொல்லமாட்டேன். ஒரு சொற்றொடரைத் திரையில் காட்டி, பிறகு நான்கு பெயர்களைக் காட்டி, பொருந்துவதைக் க்ளிக் செய்ய எடுக்கும் நேரத்தைப் பதிவுசெய்யும் ஒரு பக்கத்தை மாணவர்களே எழுதிவிடுவார்கள். அரைநாள் வேலை. வடிவமைப்பில்தான் விவாதமே.

முதலில் வரும் யோசனை எப்போதும் ஒன்றுதான்: வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு இது, மறு பாதிக்கு அது. எங்கள் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள் என்பேன். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் ஆங்கிலச் சொற்களை இன்னும் நிதானமாகத்தான் படிக்கிறார்கள். ஒரு பாதியில் அவர்கள் கூடுதலாக விழுந்துவிட்டால் அளப்பது பெயரிடும் முறையையா, பள்ளிப் படிப்பையா? அதனால் ஒவ்வொருவரும் இரண்டையும் செய்யட்டும், தன்னோடு தன்னையே ஒப்பிடட்டும் என்ற இடத்துக்கு வருவார்கள். வந்தவுடன் அடுத்த சிக்கல். இரண்டாவதாகச் செய்யும்போது கை பழகியிருக்கும். சரி, பாதிப் பேர் கேமல்கேஸில் தொடங்கட்டும், பாதிப் பேர் அண்டர்ஸ்கோரில். யார் எதில் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வோம். அதே சொற்கள் இரண்டு முறையும் வரலாமா? கூடாது, நினைவிருக்கும். அப்படியானால் இரண்டு சொல் பட்டியல், இரண்டும் ஒரே நீளம், ஒரே கடினம். முதல் செமஸ்டரில் பைதான் படித்தபோது அண்டர்ஸ்கோர், பிறகு ஜாவா படித்தபோது கேமல்கேஸ். யாருக்கு எது பழக்கம்? அதையும் ஒரு கேள்வியாகக் கேட்டுப் பதிவுசெய்வோம். புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கும் விஷயங்கள் எல்லாம் ஒரே மதியத்தில் அவர்கள் வாயிலிருந்தே வரும். நான் பலகையில் அவற்றின் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டிருப்பேன்.

டேட்டா வந்ததும் சராசரி எடுக்க விடமாட்டேன். ஒவ்வொரு அளவையும் ஒரு புள்ளியாகப் போட்டுப் படம் வரைய வேண்டும். நேரத்தை அளந்தால் எப்போதும் சில புள்ளிகள் வலது பக்கம் எங்கோ தள்ளி நிற்கும். போன் வந்தது, மவுஸ் சிக்கிக்கொண்டது, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். இவற்றை நீக்கலாமா என்று முடிவைப் பார்த்த பிறகு கேட்டால், தனக்குப் பிடித்த முடிவுக்குச் சாதகமாகத்தான் யாருடைய மனமும் சாயும். ஆகவே எத்தனை விநாடிக்கு மேல் போனால் நீக்குவோம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட வேண்டும். மீடியன் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு), வில்காக்ஸன் சோதனை (ஒரே ஆளின் இரண்டு அளவுகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை), வித்தியாசத்தின் அளவு என்ன என்பது, இவற்றை ஒரே வகுப்பில் முடித்துவிடலாம். பி-வேல்யூ (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இந்த அளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே இருக்கிறதா என்பதைவிட எத்தனை மில்லி விநாடி வித்தியாசம், அந்த வித்தியாசம் ஒரு புரோகிராமரின் நாளில் எதையாவது மாற்றுமா என்ற கேள்விக்கு அதிக நேரம் ஒதுக்குகிறேன்.

சர்வே பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே பெரும்பாலும் செய்யப்படுவது அதுதான்: கூகுள் ஃபார்ம் ஒன்றைத் தயாரித்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். ஃபார்மை அனுப்பும் முன் மூன்று பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேள்வியைச் சத்தமாகப் படித்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வார்த்தையில் சொல்லச் சொல்ல வேண்டும். ‘நீங்கள் அஜைல் முறையைப் பின்பற்றுகிறீர்களா’ (மென்பொருளைச் சிறு சிறு கட்டமாகச் செய்யும் முறை) என்பதற்கு மூன்று பேர் மூன்று அர்த்தம் சொன்னதைக் கேட்ட மாணவர், அந்தக் கேள்வியை ‘உங்கள் குழு தினமும் கூடிப் பேசுமா, எத்தனை நாளுக்கு ஒரு முறை ரிலீஸ் செய்யும்’ என்று தானாக மாற்றிவிட்டார்.

வகுப்பு மாணவர்களையே சோதனைக்கு உட்படுத்துவதில் நான் கண்டிப்பாக இருக்கும் ஒன்று உண்டு. இன்டர்னல் மதிப்பெண் என் கையில் இருக்கும்போது ‘விருப்பம் இருந்தால் கலந்துகொள்ளுங்கள்’ என்பது உண்மையான விருப்பம் ஆகாது. அதனால் கலந்துகொள்ளாதவர்களுக்கு அதே அளவு வேலையுள்ள வேறு பயிற்சி தருகிறேன். டேட்டாவில் பெயரோ ரோல் நம்பரோ இருக்காது, யார் கலந்துகொண்டார்கள் என்ற பட்டியலை மதிப்பெண் போட்டு முடியும்வரை நான் பார்ப்பதில்லை, ஒரு மாணவப் பிரதிநிதி வைத்திருப்பார். இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2021இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் நடந்ததைச் சொல்வேன். மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மறைவான ஓட்டைகள் கொண்ட பேட்ச்களை (நிரலுக்கான திருத்தங்களை) அதன் பராமரிப்பாளர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று அறிய, அவர்களிடம் சொல்லாமலே அனுப்பியிருந்தார்கள். விஷயம் பெரிதாகி, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பங்களிப்புகளையே கெர்னல் தரப்பு நிறுத்தியது. ஆய்வுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. மென்பொருள் ஆய்வில் மனிதர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கும் மாணவருக்கு, பேட்சைப் படிப்பதும் ஒரு மனிதர்தான் என்பது இதில் தெரிந்துவிடும்.

மற்றவர்கள் செய்ததைத் திரும்பச் செய்து பார்ப்பதற்குச் செமஸ்டரின் பின்பாதியை வைத்திருக்கிறேன். இதற்கு 2014இல் வந்த ஓர் ஆய்வும், அதை மறுபரிசோதனை செய்து 2019இல் வந்த கட்டுரையும் போல வேறு எதுவும் எனக்கு உதவியதில்லை. பைஷாகி ரேயும் சக ஆய்வாளர்களும் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 729 ப்ராஜெக்ட்கள், 17 நிரல் மொழிகளை எடுத்து, எந்த மொழியில் எழுதினால் பிழை அதிகம் என்று பார்த்தார்கள். எமரி பெர்கர், யான் விடெக் குழு அதை மறுபடி செய்தபோது, டைப்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதியதாக எண்ணப்பட்ட கமிட்களில் (நிரலில் செய்த மாற்றங்களின் பதிவுகளில்) சில 2003ஆம் ஆண்டைச் சேர்ந்தவையாக இருந்தன. டைப்ஸ்கிரிப்ட் மொழி வெளியானதோ 2012இல். டிஎஸ் என்று முடியும் கோப்புகளையெல்லாம் டைப்ஸ்கிரிப்ட் என்று எடுத்ததில், மென்பொருளின் மெனுக்களை வேறு மனித மொழிகளுக்கு மாற்றி வைத்திருக்கும் மொழிபெயர்ப்புக் கோப்புகளும் உள்ளே வந்துவிட்டன. இப்படிப் பலவற்றைச் சரிசெய்த பிறகு நான்கு மொழிகளுக்கு மட்டுமே புள்ளியியல் ரீதியான தொடர்பு மிஞ்சியது, அதுவும் மிகச் சிறிய அளவில்.

இதைக் கேட்டதும் முதல் ஆய்வைச் செய்தவர்களைக் குறைசொல்லும் ஒரு வேகம் வகுப்பில் எழும். அதை அங்கேயே நிறுத்திவிடுவேன். அவர்கள் தங்கள் டேட்டாவையும் ஸ்கிரிப்டையும் கேட்டவர்களுக்குக் கொடுத்ததால்தான் இவ்வளவும் தெரியவந்தது. ‘உங்கள் ப்ராஜெக்ட் நிரலை நாளை இன்னொருவர் ஓட்டினால் அதே எண் வருமா’ என்று கேட்டு, பக்கத்துக் குழுவின் கோப்புறையை மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். சீட் எண் (தற்செயல் எண்களை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரவைப்பது) வைக்காதது, லைப்ரரி பதிப்பு எழுதாதது, டேட்டாவின் பாதை ‘டி டிரைவ்’ என்று இருப்பது எல்லாம் ஒரே மணி நேரத்தில் வெளியே வரும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு மாற்றம் செய்தேன், அது எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் கொடுத்தது. பாதிக்கு மேற்பட்ட மதிப்பெண் டேட்டா சேகரிக்கும் முன் எழுதும் திட்டத்துக்கு: கேள்வி, எதை அளப்போம், எப்படி, எதை நீக்குவோம், என்ன வந்தால் எங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வோம். முடிவு என்னவாக இருந்தாலும் அதற்கு மதிப்பெண் ஏறவோ இறங்கவோ செய்யாது. வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று முடியும் அறிக்கைகள் இப்போது தைரியமாக வருகின்றன. ‘ஆய்வின் நம்பகத்தன்மைக்கான ஆபத்துகள்’ என்ற பகுதியிலும் மாற்றம் தெரிகிறது. முன்பெல்லாம் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ‘மாதிரி அளவு சிறியது’ என்ற ஒரே வரிதான். இப்போது ஒவ்வோர் ஆபத்துக்கும் அது முடிவை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று எழுதினால்தான் மதிப்பெண். ‘தாமதமாக வந்த ஆறு பேர் கடைசி வரிசைப் பழைய கணினியில் உட்கார்ந்தார்கள், அதனால் இரண்டு முறைகளிலும் அவர்கள் நேரம் கூடியிருக்கும், ஒப்பீடு மாறியிருக்காது’ என்று ஒரு குழு எழுதியதைப் படித்தபோது எனக்கு மிகுந்த சந்தோஷம்.

இப்போது வகுப்பில் எல்லோரும் கேட்பது ஏஐ பற்றித்தான். நிரல் எழுத உதவும் கோபைலட் என்ற ஏஐ கருவியை வைத்து எழுதினால் வேகம் கூடுமா? இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறேன். 2023இல் வந்த ஒன்றில் 95 புரோகிராமர்கள் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஹெச்டிடிபி சர்வரை எழுதினார்கள். கோபைலட் வைத்திருந்தவர்கள் 55.8 சதவீதம் விரைவாக முடித்தார்கள். 2025இல் மெட்ர் என்ற அமைப்பு வெளியிட்டதில், தங்கள் சொந்த ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்களில் அனுபவமுள்ள 16 பேர் 246 வேலைகளைச் செய்தார்கள். ஏஐ அனுமதித்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. வேலையைத் தொடங்கும் முன் 24 சதவீதம் மிச்சமாகும் என்று அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள், முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். எது சரி என்று நான் சொல்வதில்லை. யார் செய்தார்கள், எந்த நிரல், புதிதா பழையதா, நேரத்தை யார் அளந்தார்கள், வேலை முடிந்தது என்று எதை வைத்து முடிவுசெய்தார்கள் என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதச் சொல்கிறேன். போன செமஸ்டரில் அந்தத் தாளை எழுதி முடித்த ஒரு குழு, எங்கள் இரண்டாம் ஆண்டு லேப் பயிற்சிகளை வைத்து மூன்றாவதாக ஒரு சோதனை செய்யலாமா என்று கேட்டது. திட்டத்தை எழுதிக் கொண்டுவாருங்கள் என்றேன். முதல் வரைவில் ‘வேகம்’ என்பதை எப்படி அளப்பது என்ற இடத்திலேயே இரண்டு பக்கம் போயிருக்கிறது. அந்த இரண்டு பக்கத்தைத்தான் வரும் வாரம் உட்கார்ந்து பேசப்போகிறோம்.